செவுளில் வெள்ளைப் பூஞ்சை, சாப்பிட மறுக்கிறது, அடிக்கடி மிதக்கிறது: என் ஆக்சோலோட்டலுக்கு என்ன மருந்து கொடுக்கலாம்?

இன்றைக்கு எந்த மருந்தும் வேண்டாம். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியா, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு), வெப்பநிலை ஆகிய ஐந்தும் தெரியாமல் உங்களுக்கு யார் சொல்லும் யோசனையும் குருட்டு யோசனைதான். சோதனைப் பட்டைகளை நனைத்துப் பார்ப்பதைவிட, தண்ணீர் மாதிரியில் சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டியை நம்பலாம்.

நான் வளர்க்கும் ஆக்சோலோட்டலும் அடிக்கடி நோயில் விழும். இடப்பக்கச் செவுளில் பூஞ்சை திரும்பத் திரும்ப வரும். வயிற்றில் காற்று சேர்ந்து மிதக்கும். அதனால் உங்கள் பதற்றம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனாலும் இதில் உறுதியாக இருக்கிறேன்: வாழ்நாள் முழுக்க நீரிலேயே கழிக்கும் இந்த நீர்நில வாழ்விக்குத் தண்ணீர்தான் முதல் மருந்து. அதன் தோல் தண்ணீரில் கரைந்திருப்பதையெல்லாம் உள்ளே விடக்கூடியது. செவுள்களோ உடலுக்கு வெளியே, எந்த மூடியும் இல்லாமல் விரிந்து நிற்கின்றன. அது வெளியேற்றும் கழிவே அம்மோனியாவாகி அந்தச் செவுள்களை அரிக்கும். புண்பட்ட இடத்தில்தான் பூஞ்சை குடியேறும். நீங்கள் பார்க்கும் வெள்ளை நூல்கள் பெரும்பாலும் விளைவுதான், காரணம் தண்ணீரில் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் பூஞ்சையை மட்டும் அழித்தால் கொஞ்ச நாளில் மீண்டும் வந்து நிற்கும்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆக இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. பிஎச் 7.4 முதல் 7.6 வரை இருந்தால் சிறப்பு. அது கூடக்கூட, தண்ணீர் சூடாகச் சூடாக, அதே அளவு அம்மோனியா இன்னும் கொடிய நஞ்சாகும். வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். மெக்சிகோ நகரின் தெற்குப் பகுதியில் உள்ள சோச்சிமில்கோ ஏரியும் கால்வாய்களும் ஆக்சோலோட்டலின் பூர்வீகம். அவை இருக்கும் பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, தண்ணீர் குளிர்ந்தே கிடக்கும். 20 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் வைத்தால் அது வாடத் தொடங்கும்; 24 டிகிரி என்பது ஆபத்து. சூடான நீரில் பிராணவாயு குறையும், பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகும், பசி மந்தமாகும். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அறிகுறிகளையும் சூடு மட்டுமே வரவழைத்துவிட முடியும்.

அளவுகளில் ஏதாவது தவறியிருந்தால் இன்றே அதைத் தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள். உணவு வைக்கத் தகுந்த, சோப்பு படாத பிளாஸ்டிக் பெட்டி போதும். குளோரின் நீக்கிய தண்ணீரைத் தொட்டியின் அதே வெப்பநிலையில் நிரப்பி, வெளிச்சம் படாதபடி மூடி, குளிர்ந்த மூலையில் வையுங்கள். காற்று போக இடைவெளி இருக்கட்டும். ஆக்சோலோட்டலுக்கு இமை கிடையாது, வெளிச்சத்திலிருந்து கண்ணை மூடிக்கொள்ள அதற்கு வழியில்லை. பெட்டியில் வடிகட்டி இல்லாததால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும். கழிவைப் பார்த்தால் அப்போதே மாற்றுங்கள். மாற்றுத் தண்ணீரை முதல் நாளே தயாரித்து அருகிலேயே வைத்திருந்தால் வெப்பநிலை ஒத்துப்போகும். எடுத்து மாற்றும்போது வலை வேண்டாம், செவுள் இழைகள் அதில் சிக்கிக் கிழியும். சிறு கிண்ணத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அதையே உள்ளே நீந்தவிட்டுத் தூக்குங்கள்.

இனி அந்த வெள்ளைப் படலம். அருகில் குனிந்து பாருங்கள். செவுள் சிலுப்பிக்கொள்ளும்போது, அதற்கு ஒரு கணம் பின்தங்கி மெல்லிய நூல்கள் அசைந்தால் அது பூஞ்சை. அசையாமல் தோலோடு ஒட்டிய சாம்பல் திட்டு என்றால் பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கு உப்பு போதாது, மருத்துவர் வேண்டும். பூஞ்சைதான் என்றால் உப்புக் குளியல் பலன் தரும். அயோடின் சேர்க்காத சாதாரண உப்பை, ஒரு லிட்டருக்கு 2 தேக்கரண்டி என்ற அளவில், குளோரின் நீக்கிய குளிர்ந்த நீரில் முழுவதும் கரைத்த பிறகே ஆக்சோலோட்டலை அதில் விடுங்கள். 10 நிமிடம், நாளுக்கு ஒரு முறை அல்லது இரு முறை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். 15 நிமிடத்தைத் தாண்டினால் உப்பே செவுளைப் புண்ணாக்கும். துடித்தால் நேரம் பார்க்காமல் உடனே எடுத்துவிடுங்கள். சில நாட்களில் நூல்கள் தளர்ந்து உதிரத் தொடங்கும். செவுள் குட்டையாகிப்போனாலும் வருந்தாதீர்கள். இழந்த காலையே முழுதாக வளர்த்துக்கொள்ளும் உயிர் இது. தண்ணீர் நன்றாக இருந்தால் செவுள் இழைகளும் வளரும்.

மீன்களுக்கென்று விற்கும் மருந்துகளை வாங்கி ஊற்றிவிடாதீர்கள். செம்பு கலந்தவையும் மாலகைட் கிரீனும் மீனுக்கு ஏற்றவையாக இருக்கலாம், ஆக்சோலோட்டலின் தோல் அவற்றைத் தாங்காது. பூஞ்சைக்குப் பயன்படும் மெத்திலீன் புளூ என்ற சாயத்தை மருத்துவர் சொன்னால் தனிப் பெட்டியில் மட்டும் பயன்படுத்துங்கள். தொட்டியில் கலந்தால் வடிகட்டியில் வளர்ந்து அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து அம்மோனியா மறுபடி ஏறும்.

மிதப்பதைப் பொறுத்தவரை, மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு, நினைத்தபோது கீழே இறங்குகிறது என்றால் கவலை இல்லை. வால் மேலே தூக்கியபடி, இறங்க முயன்றும் முடியாமல் தவிக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் கால்கள் தரையைத் தொடும் அளவுக்கு நீர்மட்டத்தைக் குறையுங்கள்; அதற்கே பாதித் தவிப்பு அடங்கிவிடும். தொட்டியில் கூழாங்கல் இருக்கிறதா? ஆக்சோலோட்டல் இரையைக் கடித்துத் தின்பதில்லை, வாயைச் சட்டெனத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சும். தரையில் கிடக்கும் கல்லும் அதோடு உள்ளே போகும். கல் குடலை அடைத்தால் எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். தலையைவிடச் சிறிய கற்களை அகற்றிவிடுங்கள். வெறும் தரையோ மிக நுண்ணிய மணலோ போதும்.

சாப்பாட்டுக்கு அவசரப்படாதீர்கள். நல்ல உடற்கட்டுள்ள வளர்ந்த ஆக்சோலோட்டல் ஓரிரு வாரம் பட்டினி தாங்கும். மேலிருந்து பார்க்கும்போது வயிறு தலையின் அகலத்துக்கு இருந்தால் இருப்பு போதுமானது. துண்டாக்கிய மண்புழுவை இடுக்கியால் வாயருகே மெல்ல அசைத்துக் காட்டுங்கள்; முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள். மிச்சத்தைத் தண்ணீரில் ஊறவிடாமல் எடுத்துவிட வேண்டும்.

வயிற்றிலோ கால்களிலோ சிவப்புத் திட்டுகள், உடல் முழுக்க நீர்கோத்து வீங்குதல், ஆறாத புண், நிமிர்ந்து நிற்க முடியாமல் புரளுதல்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு, நீர்நில வாழ்விகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். சிவப்பு பெரும்பாலும் இரத்தத்தில் தொற்று ஏறியதன் அடையாளம், அதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். ஒரு சின்னப் பாட்டிலில் தொட்டித் தண்ணீரையும் எடுத்துச் செல்லுங்கள். நல்ல மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார். பயணத்தின்போது பெட்டியைக் குளிர்காப்புப் பையில் வைக்க வேண்டும், பனிக்கட்டி நேரடியாகத் தண்ணீரில் படக் கூடாது.

எல்லாம் செய்தும் சில ஆக்சோலோட்டல்கள் முழுக்கத் தேறுவதில்லை. என்னுடையது அப்படித்தான். ஆழமில்லாத தொட்டி, மெதுவாக ஓடும் வடிகட்டி, வாரம் ஒரு பகுதித் தண்ணீர் மாற்றம், சிறுசிறு துண்டுகளாக இரை என்று அதன் குறைக்கு ஏற்றபடி வாழ்க்கையை அமைத்துவிட்டேன். பூஞ்சை தலைகாட்டினால் அன்றே பெட்டிக்கு மாற்றிவிடுவேன். நல்ல பராமரிப்பில் இவை 10 முதல் 15 ஆண்டுகள் வாழக்கூடியவை. நோயாளி என்பதற்காக அதன் ஆயுளைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை, உங்களுக்கும் வர வேண்டாம்.

தொட்டியின் அளவு, அது ஓடத் தொடங்கி எவ்வளவு காலம், ஐந்து சோதனை அளவுகள், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, கழிவு வந்தது எப்போது: இவற்றைக் கேள்வியில் சேர்த்து, செவுளின் படம் ஒன்றையும் இணையுங்கள். அதைப் பார்த்துவிட்டு, உப்புக் குளியலைத் தொடங்கலாமா, இரண்டு நாள் பொறுக்கலாமா என்று சொல்கிறேன்.