நடுக்களத்துக்கு ஆள் எடுப்பது எப்படி? - வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் நிலை லீக் சாம்பியன்ஷிப். 24 அணிகள், அணிக்கு 46 ஆட்டம். முதல் இரண்டு இடம் பிடித்தால் நேராக மேல்நிலையான பிரீமியர் லீக், அடுத்த சில அணிகள் பிளே-ஆஃப் என்ற கூடுதல் ஆட்டங்களில் மோதி அவற்றில் ஒன்று மேலேறும், கடைசி மூன்று இடம் என்றால் கீழே இறக்கம். இந்த லீக்கில் நடுக்கள வீரர்களை எடைபோடுவது, வாங்குவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

பாஸ் துல்லியம் 91 சதவீதம் உள்ள நடுக்கள வீரர் என்று பெருமையாக வாங்குகிறார்கள். ஆறு மாதத்தில் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். புள்ளிவிவரத்தை நம்பவே கூடாதா?
- வாசகர், கோவை

நம்பலாம். ஆனால் 91 என்ற எண், கொடுத்த பாஸ் போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது. எங்கிருந்து எங்கே கொடுத்தார், அப்போது யாராவது நெருக்கினார்களா என்பதற்கு அதில் பதில் இல்லை. சென்டர் பேக்குகள் என்ற இரண்டு நடுத் தற்காப்பு வீரர்களுக்கும் மாற்றி மாற்றிப் பத்து கஜ தூரத்துக்குத் தட்டிவிடுபவருக்கு 91 தாராளமாக வரும். எதிரணி நடுக்களத்தைப் பிளந்து ஸ்ட்ரைக்கரின் காலுக்குப் பந்தை நுழைக்கப் பார்ப்பவர் 78-ல் நிற்பார். பல அணிகளுக்குத் தேவைப்படுகிறவர் இந்த 78-காரர்தான்.

ஆகவே மொத்த எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னோக்கிப் போன பாஸ் எத்தனை, எதிரணி நெருக்கும்போது கொடுத்தவை எத்தனை, சொந்தப் பாதியில் பந்தைப் பறிகொடுத்தது எத்தனை முறை. மூன்றாவதை முதலில் பாருங்கள். தற்காப்புக்கு முன்னால் நிற்பவர் அந்த இடத்தில் பந்தை இழந்தால் அவருக்குப் பின்னால் இரண்டே பேர்தான் இருப்பார்கள்.

எல்லாவற்றையும் 90 நிமிடக் கணக்குக்கு மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். 900 நிமிடம், அதாவது பத்து முழு ஆட்டம் கூட ஆடாதவரின் எண்களை ஓரமாக வைத்துவிடலாம். கார்னர், ஃப்ரீகிக்கில் வந்த அசிஸ்டுகளை, அதாவது கோலுக்கு வழிவிட்ட கடைசி பாஸ்களை, தனியே கழியுங்கள். ஒருவருக்கு எட்டு அசிஸ்ட், அதில் ஐந்து கார்னரில் வந்தவை என்று வையுங்கள். உங்கள் அணியில் கார்னர் எடுக்க வேறு ஆள் இருந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது மூன்று அசிஸ்டைத்தான்.

டாக்கிள் அதிகம் செய்பவர்தானே நல்ல தற்காப்பு நடுக்கள வீரர்?
- வாசகி, சேலம்

டாக்கிள் என்பது எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது. பந்து நம்மிடம் இருக்கும்போது அதைச் செய்ய முடியாது. கணக்கை அங்கிருந்து தொடங்க வேண்டும். ஒருவரின் அணி ஆட்டத்தில் 60 சதவீத நேரம் பந்தை வைத்திருக்கிறது, அவர் ஆட்டத்துக்கு 2 டாக்கிள் செய்கிறார். இன்னொருவரின் அணியிடம் பந்து இருப்பது 40 சதவீத நேரம், அவர் 3 செய்கிறார். எதிரணியிடம் பந்து இருக்கும் நேரம் முதலாமவருக்கு 40, அடுத்தவருக்கு 60. இரண்டையும் 50-க்குச் சமன்படுத்தினால் 2 × 50 ÷ 40 = 2.5; 3 × 50 ÷ 60 = 2.5. இருவரும் ஒன்றுதான்.

இந்தத் திருத்தத்தோடும் விஷயம் முடிவதில்லை. பாஸ் போகும் பாதையில் முன்கூட்டியே நின்று, எதிரணியை வேறு பக்கம் திரும்ப வைக்கிறவருக்கு எந்தப் பட்டியலிலும் மதிப்பெண் கிடையாது. தரையில் சறுக்கி விழுந்து டாக்கிள் செய்பவரை ரசிகர்களுக்குப் பிடிக்கும். அவர் ஏன் சறுக்க வேண்டிவந்தது என்று ஸ்கவுட், அதாவது கிளப்புக்காக வீரர்களைப் பார்த்து எடைபோடுபவர், யோசிப்பார். பெரும்பாலும் அந்த வீரர் நிற்க வேண்டிய இடத்தைவிட்டு இரண்டு கஜம் தள்ளி நின்றிருப்பார்.

பையன்களுக்குப் பயிற்சி தருகிறேன். ஒரு நடுக்கள வீரரைப் பார்க்க உட்கார்ந்தால் ஸ்கவுட் எதையெல்லாம் கவனிப்பார்?
- வாசகர், வியாசர்பாடி, சென்னை

முதல் வேலை, பந்தைப் பார்ப்பதை நிறுத்துவது. டிவி கேமரா பந்தின் பின்னால் ஓடும். நடுக்கள வீரரின் வேலையில் பெரும்பகுதி பந்து இல்லாதபோது நடக்கும். அதனால்தான் கிளப்புகள் மைதானம் முழுவதும் தெரியும் அகலக் கோண வீடியோவைத் தேடுகின்றன. நேரில் போனால் மேல் வரிசையில் உட்கார வேண்டும். ஒவ்வொரு பாதியிலும் 15 நிமிடம் அந்த ஒரு ஆளை மட்டும் பாருங்கள், கோலே விழுந்தாலும் சரி.

பந்து அவரிடம் வருவதற்கு முந்தைய பத்து விநாடியில் எத்தனை முறை தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கிறார் என்று எண்ணுங்கள். நார்வே விளையாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தின் கெய்ர் யோர்டெட் பல ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்கிறார். அடிக்கடி பார்ப்பவர்கள் பந்தை நல்ல முறையில் முன்னே கொண்டுபோகிறார்கள் என்பது அவர் காட்டியது. அடுத்து, வாங்கும் கால். பின்காலில், அதாவது பந்து வரும் பக்கத்துக்குத் தள்ளி இருக்கும் காலில், வாங்கினால் உடம்பு பாதி திரும்பியே இருக்கும், அடுத்த அடி முன்னோக்கி வைக்கலாம். முன்காலில் வாங்குபவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார், வந்த வழியே பந்தைத் திருப்பித் தருவார். முதல் தொடுகையில் பந்து நெருக்க வருபவரைவிட்டு விலகிப் போகிறதா, அவரை நோக்கியே போகிறதா என்பதும் முக்கியம்.

பந்தை இழந்தபின் வரும் ஐந்து விநாடியை விடாதீர்கள். கையை விரித்து நடுவரைப் பார்க்கிறாரா, உடனே பாய்கிறாரா? சாம்பியன்ஷிப்பில் இதற்கு இன்னொரு கிளையும் உண்டு. கோல்கீப்பரின் நீண்ட உதை, இரண்டு பேர் தலையால் மோதல், பந்து பத்துப் பதினைந்து கஜம் தள்ளி விழுகிறது. இதைத்தான் அங்கே செகண்ட் பால் என்கிறார்கள். எங்கே விழும் என்று மோதலுக்கு முன்பே கணித்து அங்கே நகர்பவர், அழகாக ஆடும் லீக்கிலிருந்து வருபவர்களில் குறைவு. அப்படி வந்தவர்களில் பலர் தடுமாறுவதும் இங்கேதான்.

எப்போது பார்க்கிறீர்கள் என்பதும் உண்டு. சனிக்கிழமை சொந்த மண்ணில் 3-0 முன்னிலையில் எல்லோரும் நன்றாக ஆடுவார்கள். சனி ஆடிவிட்டு செவ்வாய் இரவு வெளியூரில், ஒரு கோல் பின்தங்கி, 70-வது நிமிடத்துக்கு மேல் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். ஒரு சீசனின் லீக் ஆட்டங்கள் மட்டும் 4,140 நிமிடம். மூன்று சீசனாக அதில் பாதிகூட ஆடாதவரின் திறமையை எவ்வளவு புகழ்ந்தாலும், வாங்கும் கிளப் பாதிச் சம்பளத்தை மருத்துவ அறைக்குத்தான் கொடுக்கும்.

ஒரு கழகம் உதைபந்தாட்ட வீரரைத் தெரிவு செய்யும் படிமுறை என்ன? தரவை மட்டும் வைத்து எடுக்கிறார்களா?
- வாசகர், யாழ்ப்பாணம்

தரவு, ஆளைக் கழித்துக்கட்டத்தான் நன்றாக உதவும். ஒழுங்காக நடக்கும் கிளப்பில் முதலில் எழுதப்படுவது வேலைக் குறிப்பு: யார் போகிறார், அவர் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தார், அதில் எதைப் பக்கத்து வீரர் ஏற்றுக்கொள்ள முடியும். இதை எழுதாமல் சந்தைக்குப் போகிறவர்கள் போனவரின் நகலைத் தேடுவார்கள். நகல் கிடைக்காது, கிடைத்தால் விலை கட்டுப்படியாகாது.

பிறகு வயது, ஒப்பந்தம் முடியும் தேதி, ஆடிய நிமிடம், லீக்கின் தரம், சம்பள வரம்பு என்று சலித்தால் சில நூறு பெயர் இருபதாகும். இருபதையும் இரண்டு பேர் தனித்தனியே, ஒருவர் குறிப்பை மற்றவர் பார்க்காமல் வீடியோவில் பார்க்க வேண்டும். ஏஜென்ட் அனுப்பும் தொகுப்பு வீடியோவை இந்தக் கட்டத்தில் திறக்கவே கூடாது. அதில் யாரும் பந்தை இழப்பதில்லை. மிஞ்சும் நாலைந்து பேரை நேரில், குறைந்தது ஒரு வெளியூர் ஆட்டத்திலாவது பார்ப்பார்கள். அதன்பின் பழைய பயிற்சியாளர்களிடம் விசாரணை, விலை, கடைசியில் மருத்துவப் பரிசோதனை.

அந்த விசாரணையின் மதிப்புக்கு பிரென்ட்ஃபோர்ட் 2019-ல் கிறிஸ்டியன் நோர்கோரை எடுத்தது நல்ல உதாரணம். இத்தாலியின் ஃபியோரென்டினாவில் அதற்கு முந்தைய சீசன் முழுக்க அவர் ஆடிய லீக் ஆட்டங்களை விரல்விட்டு எண்ணலாம். நிமிட வடிகட்டி போட்டால் முதல் சுற்றிலேயே விழுந்திருப்பார். ஆனால் அப்போதைய பிரென்ட்ஃபோர்ட் பயிற்சியாளர் தாமஸ் ஃபிராங்க் அதற்கு முன் டென்மார்க்கின் பிராண்ட்பி அணியில் இவரைப் பயிற்றுவித்தவர். தரவை முன்னிறுத்துவதில் பெயர்போன கிளப்பே அங்கே மனித அறிவையும் சேர்த்துக்கொண்டது. 2021-ல் பிளே-ஆஃப் இறுதியில் ஸ்வான்சியை 2-0 என வென்று பிரீமியர் லீக்குக்கு ஏறியபோது அணியில் நோர்கோரும் இருந்தார்.

இன்னொன்று, நாலாவது நடுக்கள வீரரையும் முதலாமவரைப் போலவே கவனமாக எடுங்கள் என்போம். 2024 கோடையில் லீட்ஸ் யுனைடெட்டிலிருந்து ஆர்ச்சி கிரே, கிளென் கமாரா இருவரும் போனார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஜெர்மனியின் இரண்டாம் நிலை அணியான ஃபோர்ச்சுனா டூசல்டோர்ஃபிலிருந்து ஜப்பானின் ஆவோ தனாகா வந்தார். தொடக்கத்தில் அவர் பதிலாள்தான். அக்டோபர் தொடக்கத்துக்குள் நடுக்களத்தில் ஆடிவந்த ஈதன் அம்பாடு, இலியா குருவேவ் இருவருக்கும் அடுத்தடுத்து முழங்கால் காயம். தனாகா உள்ளே வந்தார். லீட்ஸ் 100 புள்ளியோடு சாம்பியன் ஆனது.

நல்ல வீரரைத் திடீரென்று விற்றுவிடுகிறார்களே, ஏன்? விலையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
- வாசகர், ஈரோடு

விலையில் பாதியை ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் காலம் தீர்மானிக்கிறது. 2020-ல் நெதர்லாந்தின் பெக் ஸ்வோலாவிலிருந்து கவென்ட்ரி எடுத்த கஸ்டாவோ ஹேமரை, 2023-ல் ஒப்பந்தம் ஓராண்டே மிச்சமிருந்தபோது ஷெஃபீல்ட் யுனைடெடுக்கு விற்றது. பிளே-ஆஃப் இறுதிவரை போன அணி அப்படிச் செய்யலாமா என்று ரசிகர்களுக்குக் கோபம். பிடித்து வைத்திருந்தால் அடுத்த கோடையில் அவர் கட்டணமே இல்லாமல் கிளம்பியிருக்கலாம்.

கணக்குப் பக்கம் இப்படி: 40 லட்சம் பவுண்டுக்கு நாலாண்டு ஒப்பந்தத்தில் ஒருவரை எடுத்தால் ஆண்டுக்கு 10 லட்சம் செலவாக எழுதுவார்கள். இரண்டாண்டு கழித்துப் புத்தக மதிப்பு 20 லட்சம். அப்போது 70 லட்சத்துக்கு விற்றால் ஏட்டில் லாபம் 50 லட்சம். சொந்த அகாடமியில் வளர்ந்தவர் என்றால் வரும் தொகை முழுக்க லாபம். கிரே போன்ற பையன்கள் கோடையில் விற்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். சாம்பியன்ஷிப் விதிப்படி மூன்றாண்டில் நஷ்டம் 3.9 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு வந்தது. 2019-ல் பர்மிங்ஹாம் சிட்டி அதைத் தாண்டி 9 புள்ளி இழந்தது. லீக்கிலிருந்து இறங்கினால் சம்பளம் தானாகக் குறையும் ஷரத்தை ஒப்பந்தத்தில் சேர்க்க மறந்த கிளப்புகளின் கதி இன்னும் மோசம்.

வாங்குவதைவிட லோனில் எடுப்பது புத்திசாலித்தனம்தானே?
- வாசகி, திருநெல்வேலி

லோன் என்றால் வேறு கிளப்பின் வீரரைச் சில காலத்துக்கு இரவலாக எடுப்பது. சொந்தக் கிளப் அவரைத் திரும்ப அழைக்கும் ஷரத்தைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். செல்சியின் கானர் காலகர் 2019-ல் சார்ல்டனுக்கு லோனில் போய் அந்த அணியின் நடுக்களத்தையே தாங்கினார். 2020 ஜனவரியில் செல்சி அவரைத் திரும்ப எடுத்து, அதே லீக்கில் ஸ்வான்சிக்கு அனுப்பியது. சீசன் முடிவில் ஸ்வான்சி பிளே-ஆஃபில், சார்ல்டன் மூன்றாம் நிலைக்கு இறக்கம். ஒருவர் போனதால் மட்டும் இறங்கவில்லை என்றாலும், ஜனவரியில் அப்படி ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

வாங்கும் உரிமையோடு லோன் கிடைத்தால் நல்லது. 2023 ஜனவரியில் ஆஸ்டன் வில்லாவிலிருந்து லூட்டன் லோனில் எடுத்த மார்வலஸ் நகாம்பா அணியை மேலேற்ற உதவினார். அந்தக் கோடையிலேயே நிரந்தரமாகச் சேர்ந்தார்.

ஜனவரியில் நடுக்கள வீரர் வாங்கலாமா?
- வாசகர், காரைக்கால்

காயம் துரத்தினால் வாங்கலாம். நல்லவரை எந்த கிளப்பும் சீசன் நடுவில் மலிவாக விடாது.

இந்திய வீரர் ஒருவர் சாம்பியன்ஷிப்பில் ஆட என்ன தடை?
- வாசகர், நாகர்கோவில்

2009-ல் சுனில் சேத்ரியை, அப்போது சாம்பியன்ஷிப்பில் இருந்த குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் ஒப்பந்தம் செய்தது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70-க்குள் இல்லை என்று வேலை அனுமதி மறுத்துவிட்டார்கள். பிரெக்ஸிட்டுக்குப் பின், 2021 முதல், புள்ளி முறை வந்திருக்கிறது. தேசிய அணியின் தரவரிசை, ஆடும் லீக்கின் தரம், அதில் ஆடிய நிமிடங்கள், ஒரு கண்டம் முழுவதற்குமான கிளப் போட்டி எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. 15 எடுத்தால் அனுமதி. இந்தியாவின் தரவரிசையில் புள்ளி தேறாது. எனவே மேல் தட்டில் வைக்கப்பட்டிருக்கும் ஏதாவதொரு ஐரோப்பிய லீக்கில் தொடர்ந்து முதல் 11-ல் ஆடி நிமிடம் சேர்ப்பதுதான் நடைமுறையில் வழி. 2023-லிருந்து, உள்நாட்டு வீரர்களுக்கு எவ்வளவு நிமிடம் தருகிறது என்பதைப் பொறுத்து ஒரு கிளப்புக்கு அதிகபட்சம் நாலு பேரைப் புள்ளி குறைந்தாலும் எடுக்க இடம் உண்டு. அந்த நாலில் ஒன்றை இந்திய வீரருக்காகச் செலவழிக்க கிளப் சம்மதிக்க வேண்டும்.