ரேடார் 1,400 மீட்டர், பலூன் 200 மீட்டர்: எதை நம்புவது?

கேள்வி: 915 மெகாஹெர்ட்ஸ் விண்ட் புரொஃபைலர் (உயரவாரியாகக் காற்றை அளக்கும்) ரேடார் தரவை வைத்து வளிமண்டல எல்லை அடுக்கின், அதாவது தரையின் தாக்கம் நேரடியாக எட்டும் அடிக்காற்றடுக்கின், உயரத்தைக் கணக்கிடுகிறேன். சிக்னல்-இரைச்சல் விகிதம் எந்த உயரத்தில் உச்சமோ, அதுவே அடுக்கின் மேல்விளிம்பு என்று எடுத்துக்கொள்கிறேன். நண்பகலில் வானிலைப் பலூன் அளவீட்டோடு நன்றாக ஒத்துப்போகிறது. ஆனால் காலை 7 மணிக்கு ரேடார் 1,400 மீட்டர் என்கிறது, பலூன் 200 மீட்டர் என்கிறது. கருவியில் கோளாறா?

பதில்: கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. அநேகமாக இரண்டும் சரியாகத்தான் அளந்திருக்கின்றன, வெவ்வேறு அடுக்குகளை.

காற்றின் ஒளிவிலகல் எண்ணில் உள்ள நுண்ணிய ஏற்ற இறக்கங்களில் பட்டுத்தான் ரேடார் அலை சிதறித் திரும்புகிறது. அதிலும் அலைநீளத்தில் பாதி அளவுள்ளவையே கணக்கில் வரும். உங்கள் ரேடாருக்கு அது சுமார் 16 செ.மீ. கீழிருக்கும் ஈரக்காற்றும் மேலிருக்கும் உலர்காற்றும் கொந்தளித்துக் கலக்கும் இடத்தில் இவை மிகுதி. தெளிவான நண்பகலில் அந்த இடம் எல்லை அடுக்கின் உச்சியேதான். பொழுது சாய்ந்ததும் தரை குளிர்ந்து, அடியில் மெல்லிய நிலையான அடுக்கு ஒன்று உருவாகிறது. பகலில் உண்டான ஈரப்பத வேறுபாடோ மேலே கலையாமல் நிற்கிறது. காலையில் உங்கள் நிரல் பிடிப்பது நேற்றைய அடுக்கின் மிச்சத்தை, அதாவது எச்ச அடுக்கை.

அதனால் ஒரு நாளின் தரவைக் காலையிலிருந்து அலசத் தொடங்காதீர்கள். நண்பகலில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். அந்த நேரத்து உச்சம் ஐயத்துக்கு இடமில்லாதது. அங்கிருந்து அரைமணி அரைமணியாகப் பின்வாங்கினால், ஒரு கட்டத்தில் உச்சம் இரண்டாகப் பிரியும். உதாரணத்துக்கு, 10 மணி வாக்கில் 1,400 மீட்டரில் ஒன்று அசையாமல் இருக்கும்; 500 மீட்டரில் சற்று மங்கலாக இன்னொன்று இருக்கும், நேரம் போகப் போக அது மேலேறும். உங்களுக்கு வேண்டியது மேலேறுவது. பெரிய உச்சத்தையே தேடும் நிரல் இதைத் தவறவிட்டுவிடும். முந்தைய உயரத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்று ஒரு வரம்பு வைத்துவிட்டால் போதும்.

அதற்கு முன்பு தொலைவுத் திருத்தம் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். திரும்பி வரும் சிக்னல் தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 500 மீட்டரிலிருந்து 1,000 மீட்டருக்குப் போனாலே 6 டெசிபல் இழப்பு. திருத்தாவிட்டால் கீழுள்ள உச்சங்கள் வேண்டாத முக்கியத்துவம் பெற்றுவிடும். அப்புறம், ஒற்றை அளவீட்டை நம்பாமல் அரைமணி நேரத்து உச்சங்களின் இடைநிலையை எடுங்கள். ஒரு பறவைக் கூட்டம் குறுக்கே வந்தாலும் கணக்கு கெடாது.

மழை நேரத்துத் தரவைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். செங்குத்துக் கற்றையில் விநாடிக்கு 3 மீட்டருக்கு மேல் கீழ்நோக்கிய வேகம் தொடர்ந்து தெரிந்தால், நீங்கள் பார்ப்பது காற்றை அல்ல, துளிகளை. திரள் மேகம் இருக்கும் நாளில் உச்சம் மேகத்துக்குள்ளேயே போய் உட்காரக்கூடும். மேக அடிமட்டம் காட்டும் சீலோமீட்டர் பக்கத்தில் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். இல்லையென்றால் செங்குத்து வேகத்தின் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள்: பகலில் எல்லை அடுக்குக்குள் அது பலமாக இருக்கும், உச்சியைத் தாண்டியதும் சட்டென்று அடங்கும். சிக்னல் உச்சமும் இந்த அடங்கலும் அருகருகே வந்தால்தான் நான் அந்த உயரத்தை ஏற்பேன்.

சரி, காலை 7 மணிக்கு என்ன எழுதுவது? இவ்வகை ரேடார்களின் முதல் நம்பத்தக்க அளவீடே பொதுவாக 100 முதல் 200 மீட்டருக்குள்தான் தொடங்குகிறது. அங்கே தரை எதிரொலியும் கலந்திருக்கும். அந்த நேரத்துக்குப் பலூனின் 200 மீட்டரை வைத்துக்கொள்ளுங்கள். ரேடாரின் 1,400 மீட்டரை எச்ச அடுக்கின் உச்சி என்று அட்டவணையில் தனி நெடுவரிசையில் பதியுங்கள். காலையில் வளரும் புது அடுக்கு அதை எட்டியதும் வளர்ச்சி திடீரென்று வேகமெடுக்கும். எப்போது என்று முன்கூட்டியே கணிக்க அந்த எண் தேவைப்படும்.