காலம் பின்னால் ஓடுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ படிக்கும் என் மகன் ஒரு வீடியோ காட்டினான். 2019-இல் குவாண்டம் கம்ப்யூட்டரில் விஞ்ஞானிகள் காலத்தையே பின்னால் ஓட்டிவிட்டார்கள் என்கிறது அது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அவன், "அணு அளவில் நடக்கும் என்றால், நாமும் அணுக்கள்தானே, நமக்கு ஏன் நடக்காது?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகன் கேட்டது சின்னப் பிள்ளைக் கேள்வி இல்லை. 1876-இல் ஆஸ்திரிய இயற்பியலாளர் லோஷ்மிட், ஒழுங்கு கலைவது ஒரே திசையில்தான் நடக்கும் என்று இயக்க விதிகளிலிருந்தே காட்ட முயன்ற இயற்பியலாளர் போல்ட்ஸ்மனை மடக்கியது இதே கேள்வியால்தான். கலந்துபோன வாயுவின் மூலக்கூறுகள் அத்தனையையும் ஒரே கணத்தில் வந்த வழியே திருப்பிவிட்டால், அவை மறுபடி பிரிந்துவிட வேண்டாமா? இயக்க விதிகள் அதைத் தடுக்கவில்லையே? அணு அளவில் பொருட்கள் எப்படி மாறும் என்று சொல்லும் குவாண்டத்தின் ஷ்ரோடிங்கர் சமன்பாடும் தடுக்கவில்லை.

முதலில் அந்த வீடியோ. மாஸ்கோவைச் சேர்ந்த லெசோவிக்கின் குழு, ஐபிஎம் குவாண்டம் கம்ப்யூட்டரில் இரண்டு கியூபிட்களை (அந்தக் கம்ப்யூட்டர் தகவலை வைக்கும் மிகச்சிறு அலகுகள்) ஒழுங்கான ஒரு நிலையில் வைத்துத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அந்த நிலை கலைந்தது. அப்போது ஒரு நிரலை ஓட்டி, கலைந்த நிலையை, வந்த வழியே திரும்பிப் போகும்படியான எதிர்நிலையாக மாற்றினார்கள். அப்புறம் முதலில் நடந்த அதே மாற்றத்தை, முன்னோக்கியே, இன்னொரு முறை நடக்கவிட்டார்கள். கியூபிட்கள் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தன. இரண்டு கியூபிட் என்றால் சுமார் 85 சதவீதம் வெற்றி, மூன்று என்றால் சுமார் 50. இவ்வளவும் நடந்தபோது ஆய்வகக் கடிகாரம் முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பியது கியூபிட்களின் நிலை. காலம் திரும்பவில்லை. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த வேறுபாட்டைத்தான்.

இந்த வித்தை புதிதும் அல்ல. 1950-இல் அமெரிக்காவின் எர்வின் ஹான் 'சுழற்சி எதிரொலி' என்ற ஒன்றை வெளியிட்டார். பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் வாசலைத் தாண்டி ஒரே சாலையில் நடக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் வேகம், ஒருத்தி மெதுவு. பத்து நிமிடத்தில் கூட்டம் சாலை முழுக்கச் சிதறிவிடும். பார்ப்பவருக்கு அதில் எந்த ஒழுங்கும் தெரியாது. இப்போது ஒரு விசில் அடித்து, "எல்லாரும் திரும்பி அதே வேகத்தில் நடங்கள்" என்றால்? தூரம் போனவன் வேகக்காரன், பக்கத்தில் இருப்பவள் மெதுவாக நடப்பவள். அடுத்த பத்தாவது நிமிடம் எல்லாரும் ஒன்றாக வாசலில் வந்து நிற்பார்கள். தண்ணீரில் பம்பரம்போலச் சுழன்று, வேக வித்தியாசத்தால் இப்படியே சிதறிப்போகும் புரோட்டான்களுக்கு ஹான் அடித்த விசில் ஒரு ரேடியோத் துடிப்பு. அடங்கிப்போன அவற்றின் ரேடியோ சிக்னல் மறுபடி எழுந்து வந்தது. ஒழுங்கு அழியவே இல்லை, கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. இன்றைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன்களில் இந்த எதிரொலியை அன்றாடம் பயன்படுத்துகிறார்கள்.

சரி, நமக்கு ஏன் நடக்காது? சாலையில் ஒரு பையன் ஐஸ் வண்டியருகே நின்றுவிட்டான், இன்னொருத்தி தோழியோடு பேசி நடையைக் குறைத்துக்கொண்டாள் என்றால் விசில் பலிக்காது. அவர்களோடு ஐஸ்காரரையும் தோழியையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். கீழே விழுந்து உடைந்த கண்ணாடி டம்ளரின் ஓசை சுவரில் மோதி வெப்பமாகிவிட்டது. அதன்மேல் பட்ட வெளிச்சம் ஜன்னல் வழியே போய்விட்டது. அந்த ஒவ்வொரு துகளையும் தேடிப் பிடித்துத் திருப்ப வேண்டும். விதி தடுக்கவில்லைதான், ஆனால் திருப்ப வேண்டியவை கைக்கு எட்டாத தூரம் பரவிவிட்டன. தனித்த ஒரு எலக்ட்ரான் தன் பழைய நிலைக்குத் தானாகத் திரும்புமா என்பதற்கும் லெசோவிக் குழுவே கணக்குப் போட்டது. நொடிக்கு 1,000 கோடி எலக்ட்ரான்கள் வீதம், பிரபஞ்சத்தின் வயதான 1,370 கோடி ஆண்டுகள் முழுக்கக் கவனித்தாலும் ஒரே ஒரு முறைதான் பார்க்கலாம். அதுவும் ஒரு நொடியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு நேரம்தான் பின்னால் போகும்.

விதிகள் இரண்டு திசையையும் ஒன்றாகவே பார்க்கின்றன என்று சொல்லிவிட்டேன். ஒரு விலக்கு உண்டு. 2012-இல் ஸ்டான்ஃபோர்டின் ஸ்லாக் ஆய்வகத் தரவுகளிலிருந்து பாபார் என்ற ஆய்வுக் குழு, பி-மேசான் என்ற அணுவினும் சிறிய துகள் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வீதமும் அங்கிருந்து திரும்பி மாறும் வீதமும் ஒன்றல்ல என்று நேரடியாகக் காட்டியது. ஆனால் டம்ளர் உடைவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதைத் தனியாக எழுதுகிறேன்.

மகனிடம் அந்தச் சாலைக் கணக்கைச் சொல்லுங்கள். திரும்பும் வழியில் ஒரே ஒரு பிள்ளை மட்டும் நடையை மாற்றினால் வாசலில் என்ன தெரியும் என்று அவனிடமே கேளுங்கள். அவன் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.