கதவைத் திறந்தாலே ஆள் செத்துவிடுவாரா? டேனிஷ் துப்பறியும் நாவல் ஒன்றின் அழுத்த அறை பற்றி

அழுத்த அறையைத் திடீரென்று திறந்தால் உள்ளே இருப்பவர் செத்துவிடுவாரா என்ற கேள்வி யூஸ்ஸி அட்லர்-ஓல்சனின் 2007 நாவலைப் பற்றியது. படகில் காணாமல்போன பெண் அரசியல்வாதியைக் கடலில் விழுந்து இறந்தார் என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். உண்மையில் அவர் ஒரு அழுத்த அறைக்குள், அதாவது காற்றழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற மூடிய அறைக்குள், கிடக்கிறார். பழிவாங்குபவர்கள் ஆண்டுக்கு ஒரு அட்மாஸ்பியர் (வெளியில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்தான் ஒரு அட்மாஸ்பியர்) அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். காரணத்தைச் சொல்ல மாட்டேன், படிக்காதவர்கள் திட்டுவார்கள்.

திடீரென்று திறந்தால் சாவு நிச்சயமா என்றால், ஏறக்குறைய ஆமாம். சோடா பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். மூடி இருக்கும்வரை குமிழி தெரியாது, திறந்ததும் பொங்கும். அழுத்தம் ஏற ஏற நாம் சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் கூடுதலாகக் கரைகிறது. சட்டென்று அழுத்தம் போனால் அதே இடத்தில் குமிழியாகிறது: மூட்டில், தண்டுவடத்தில், மூளையில். 1983-ல் வடகடலில் பைஃபோர்ட் டால்ஃபின் எண்ணெய்த் துரப்பண மேடையில் மூழ்காளர்கள் இருந்த அறையின் அழுத்தம் 9 அட்மாஸ்பியரிலிருந்து நொடியில் 1 ஆனது. ஐந்து பேர் இறந்தார்கள். அதனால்தான் ஆழ்கடல் மூழ்காளர்களுக்கு அழுத்தத்தை நாள்கணக்கில் மெல்ல மெல்லக் குறைக்கிறார்கள்.

எனக்கு இடிப்பது வேறு இடம். சாதாரணக் காற்றையே 5 அட்மாஸ்பியரில் சுவாசித்தால், உள்ளே போகும் ஆக்சிஜன் வெளியில் சுத்த ஆக்சிஜன் சுவாசிப்பதற்குச் சமம். ஓரிரு நாளிலேயே நெஞ்சு எரியும், இருமல் வரும், பிறகு நுரையீரல் கெடும். நைட்ரஜன் வேறு குடித்தவன் மாதிரி புத்தியை மந்தமாக்கும். மாதக்கணக்கில் தாங்க ஆக்சிஜனைக் குறைத்து, ஹீலியம் கலந்து தர வேண்டும்.

நாவலின் அந்தப் பெண்ணோ கடைசிவரை தெளிவாக யோசிக்கிறார். அதை நான் மன்னித்துவிட்டேன். அந்த அறைக் காட்சிகள் அவ்வளவு நன்றாக இருக்கின்றன.