வாசகர் கேள்வி – பதில்: திட்ட மேலாண்மை தேர்வுத் தாளோடு முடியும் பாடமா?

(இந்த இதழின் கேள்விகள் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து வந்தவை. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் பலருக்கு ஊர் புரியும்.)

கேள்வி: இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திட்ட மேலாண்மைப் பாடத்தில் கேண்ட் வரைபடம் (வேலைகளைத் தேதிவாரியாகப் பட்டைகளாகக் காட்டும் படம்), கிரிட்டிகல் பாத் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து எழுதிவிட்டேன். இந்தப் பருவத்தில் எங்கள் குழு இங்குள்ள தமிழ்ப்பள்ளியில் ஒரு நாள் அறிவியல் முகாம் நடத்த வேண்டும். படித்ததை எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

பதில்: கணினியைத் திறக்காமல் தொடங்குங்கள். ஒரு மஞ்சோங் தாளும் ஒட்டுச்சீட்டுகளும் போதும்.

முகாம் நடக்க என்னென்ன கையில் இருக்க வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள்: அனுமதிக் கடிதங்கள், பணம், பயிற்சித் தாள்கள், மாணவர் பதிவு, வேன், சாப்பாடு, முடிவறிக்கை. ஒவ்வொன்றையும் ஒரே ஆள் இரண்டு முதல் ஐந்து நாளில் முடிக்கக்கூடிய துண்டாகும்வரை பிரியுங்கள். வேலைப் பிரிப்புப் பட்டியல் என்று பாடத்தில் வருவது இதுதான். மாணவர் குழுக்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது வேனையும் முடிவறிக்கையையும். பள்ளி வேன் சனிக்கிழமை ஓடுமா, தோட்டத்துப் பிள்ளைகள் எப்படி வருவார்கள் என்று முதல் வாரத்திலேயே தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, எந்த வேலைக்கு எது முன்னால் என்று அம்புக்குறி போடுங்கள். உங்கள் முகாமுக்கு ஒரு மாதிரிக் கணக்கு, எல்லாம் வேலை நாளில்: கெர்தாஸ் கெர்ஜா, அதாவது முகாமுக்கான திட்ட முன்மொழிவு, எழுத 4 நாள். அது முடிந்த பிறகு பல்கலைக்கழக மாணவர் விவகாரப் பிரிவின் அனுமதிக்கு 10, பள்ளியின் அனுமதிக்கு 5, பயிற்சித் தாள் தயாரிக்க 8. பல்கலைக்கழக அனுமதி கைக்கு வந்த பிறகுதான் நன்கொடை திரட்ட முடியும், அதற்கு 8. பணமும் பயிற்சித் தாளும் தயாரானால் அச்சிட 3. பள்ளி அனுமதித்த பிறகு மாணவர் பதிவு 8. கடைசியில் ஒத்திகைக்கு 1.

வழிகளைக் கூட்டிப் பாருங்கள். அனுமதி, நன்கொடை, அச்சு வழியில் 4+10+8+3+1, அதாவது 26 நாள். பள்ளி அனுமதி, பதிவு வழியில் 18. பயிற்சித் தாள் வழியில் 16. நீளமான 26 நாள் வழிதான் கிரிட்டிகல் பாத். அதில் ஒரு நாள் நழுவினால் முகாமே ஒரு நாள் நழுவும். பயிற்சித் தாளுக்கு 10 நாள் தளர்வு இருக்கிறது, பள்ளி வழிக்கு 8 நாள்; அத்தனை நாள் தாமதமானாலும் முகாம் தள்ளிப்போகாது. ஆனால் பெரும்பாலான குழுக்கள் முதல் இரண்டு வாரமும் பயிற்சித் தாளின் வண்ணத்தையும் படத்தையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். கெர்தாஸ் கெர்ஜா கையெழுத்தில்லாமல் யாரோ ஒருவர் பையில் கிடக்கும். எந்த வேலை முகாமைத் தள்ளிப்போடும் என்பதைக் கூட்டல் கணக்காலேயே கண்டுகொள்ளலாம் என்பதற்காகத்தான் இந்தப் பாடம். 1950களின் கடைசியில் டுபாண்ட் நிறுவனத்தில் இந்த முறை உருவானதும் இதே தேவைக்காகத்தான்.

நன்கொடைக்கு 8 நாள் எப்படி வந்தது? எல்லாம் கைகூடினால் 4 நாள், வழக்கமாக 7, மோசமானால் 16. நடு எண்ணை நான்கால் பெருக்கி மூன்றையும் கூட்டி ஆறால் வகுத்தால் (4+28+16)÷6 = 8. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து ஆறால் வகுத்தால் 2. இது ஏறத்தாழ எத்தனை நாள் முன்பின் ஆகலாம் என்பதைக் காட்டும். ஆகவே 8 என்பது யாருக்கும் தரும் வாக்குறுதி அல்ல. தாமதத்துக்கான 3 நாளை ஒவ்வொரு வேலைக்குள்ளும் ஒளித்து வைக்காதீர்கள். ஒளித்து வைத்த நாளை அந்த வேலையே தின்றுவிடும். மூன்றையும் சேர்த்து முகாமுக்கு முன்னால், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வையுங்கள்.

26 நாளும் 3 நாளும் சேர்ந்தால் ஏறக்குறைய 6 வாரம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் விரிவுரை 14 வாரம்தான். இடையில் பொது விடுமுறைகள் வரும். ஒன்பதாம் வாரத்தில் தொடங்குகிறவர்களுக்கு முகாம் இறுதித் தேர்வோடு மோதும்.

நாளைக் குறைக்க ஆள் சேர்த்துப் பயனில்லை. அனுமதிக் கடிதத்துக்கு ஐந்து பேர் போய் நின்றாலும் அது 10 நாள்தான். அனுமதிக்காகக் காத்திருக்கும்போதே நன்கொடையாளர் பட்டியலையும் கடித வரைவையும் முடித்து வையுங்கள். தேதியை மட்டும் காலியாக விடுங்கள். தேதி போட்டு அச்சடித்த பிறகு அனுமதி வேறு தேதிக்குக் கிடைத்தால் அச்சுச் செலவு இரட்டிப்பாகும்.

கேள்வி: குழுவில் ஆறு பேர், உழைப்பது இருவர். மற்றவர்களைக் கேட்டால் "90 விழுக்காடு முடிந்தது" என்கிறார்கள். கடைசி வாரத்தில்தான் உண்மை தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: விழுக்காடே கேட்காதீர்கள். ஒரு வேலை முடிந்தால் 100, முடியவில்லையென்றால் 0, நடுவில் எதுவும் கிடையாது. வேலைகளைச் சிறு துண்டாகப் பிரித்திருந்தால் இந்த விதி யாருக்கும் அநியாயம் ஆகாது. "முடிந்தது" என்றால் என்ன என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். உதாரணமாக, பயிற்சித் தாள் முடிந்தது என்றால் மொழித் திருத்தம் பார்த்து, வேறொருவர் சோதனையைச் செய்து பார்த்து, அச்சுக்கான கோப்பு பகிரப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு வேலைக்கு ஒரே ஒரு பெயர். உதவ நால்வர் இருக்கலாம், பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். இரண்டு பெயர் எழுதிய இடத்தில் இருவருமே மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். வாரம் இருமுறை 15 நிமிடம் நின்றபடியே கூடுங்கள்: எது முடிந்தது, அடுத்தது எது, எது தடுக்கிறது. தடையைத் தீர்க்கும் பேச்சைக் கூட்டம் முடிந்த பிறகு சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். மென்பொருள் குழுக்கள் பரவலாகப் பின்பற்றும் ஸ்க்ரம் என்ற வேலை முறையில் இந்தக் கூட்டம் தினமும் நடக்கும். வேறு வேறு வகுப்புக்குப் போகும் மாணவர்களுக்கு வாரம் இருமுறை போதும்.

பணத்தையும் இதே கண்ணால் பாருங்கள். மொத்தம் 2,000 வெள்ளி. மூன்றாம் வாரத்தில் 1,000 வெள்ளி செலவாகியிருக்கிறது, ஆனால் உண்மையில் முடிந்த வேலைகளின் திட்டமிட்ட மதிப்பு 800 வெள்ளிதான் என்று வைத்துக்கொள்வோம். 800÷1,000 = 0.8. அதாவது செலவழித்த ஒவ்வொரு வெள்ளிக்கும் 80 சென் மதிப்புள்ள வேலைதான் முடிந்திருக்கிறது. இதே போக்கில் போனால் மொத்தச் செலவு 2,000÷0.8, அதாவது 2,500 வெள்ளி. மூன்றாம் வாரத்தில் தெரிந்தால் சாப்பாட்டுப் பட்டியலைக் குறைக்கலாம். முகாமன்று தெரிந்தால் சொந்தப் பையிலிருந்துதான் போட வேண்டும்.

கேள்வி: எந்த மென்பொருள் படிக்கலாம்?

பதில்: எக்செல் போதும். வேலைகள் ஐம்பதைத் தாண்டினால் இலவசமாகக் கிடைக்கும் புராஜெக்ட்லிப்ரே. வேலைகளுக்கு இடையே முன்பின் தொடர்பு கொடுக்காமல் தேதியை மட்டும் கையால் அடித்தால் எந்த மென்பொருளும் வெறும் வண்ணப் பட்டைதான்.

கேள்வி: என் மகள் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. படிக்கும்போதே பிஎம்பி என்ற திட்ட மேலாண்மை வல்லுநர் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று ஒருவர் சில ஆயிரம் வெள்ளி கேட்கிறார். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து சேர்த்த பணம். கட்டலாமா, ஐயா?

பதில்: கட்டாதீர்கள், அம்மா. பிஎம்பி சான்றிதழை வழங்குவது அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய பிஎம்ஐ என்ற திட்ட மேலாண்மை அமைப்பு. நான்காண்டுப் பட்டம் பெற்றவர்கூட, திட்டங்களை நடத்திய 36 மாதப் பணி அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் காட்டினால்தான் அதன் தேர்வில் உட்காரலாம். பல்கலைக்கழகத்தில் செய்யும் பாடத் திட்டங்கள் அந்த அனுபவத்தில் சேராது. உங்கள் மகளால் இப்போது விண்ணப்பிக்கவே முடியாது.

மாணவர்களுக்கு ஏற்றது அதே அமைப்பின் தொடக்கநிலைச் சான்றிதழான சிஏபிஎம். அதற்கு அனுபவம் வேண்டாம்; இடைநிலைப்பள்ளி முடித்திருந்து, 23 மணி நேரத் திட்ட மேலாண்மைப் பயிற்சி இருந்தால் போதும். தேர்வில் 150 கேள்விகள், 3 மணி நேரம். இந்த 23 மணி நேரத்துக்குத் தனியார் வகுப்பு தேடி அலைய வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் வாரம் இரண்டு மணி நேரம் வீதம் 14 வாரம் திட்ட மேலாண்மைப் பாடம் எடுத்தாலே 28 மணி நேரம் ஆகிறது. பாடத்தின் பெயர், மணி நேரம், முடித்த தேதி மூன்றும் உள்ள கடிதத்தைப் பாடம் முடிந்ததும் புலத்து அலுவலகத்தில் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். தேர்வுக் கட்டணத்தை மகளே தன் பெயரில் பிஎம்ஐ இணையத்தளத்தில் நேராகக் கட்டலாம். மூன்றாம் ஆண்டில், தொழிற்பயிற்சிக்குப் போகும் முன் எழுதினால் சரியாக இருக்கும்.