தையில் மீட்கும் தோடு

அன்புள்ள ஐயா,

வணக்கம். கூட்டுறவு வங்கி ஒன்றின் கிராமக் கிளையில் நகைக்கடன் பிரிவில் எழுத்தராக இருக்கிறேன். கடலில் மூழ்கிய நகரம் ஒன்றை வைத்து மிகுபுனைவு (ஃபேண்டசி) நாவல் எழுதுகிறேன். 140 பக்கம் வந்திருக்கிறது. நாளெல்லாம் தராசும் உரைகல்லும் அடகுச் சீட்டும்தான். ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறக்கும் நேரத்தில் ஒரு பாட்டி அதே ஜோடித் தோட்டை அடகு வைப்பார், தையில் அறுவடை முடிந்ததும் வந்து மீட்பார். இதையே பார்த்துப் பார்த்து என் கற்பனை வற்றிப்போகிறது. பிரிட்டனின் மிகுபுனைவு எழுத்தாளர் டெரி பிராட்செட்டைப் போல எழுத்தை மட்டுமே நம்பி வாழ ஆசை. இந்தப் பொங்கலுக்கு முன்பே வேலையை விட்டுவிடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

விடாதீர்கள். நீங்கள் பிராட்செட்டின் பெயரைச் சொன்னதால் அவரை வைத்தே பேசுகிறேன்.

8 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற அந்த மனிதர் வேலையை விட்டது 1987இல், 39 வயதில். அவருடைய முதல் நாவல் 1971இலேயே வெளிவந்துவிட்டது. அவருக்குப் புகழ் தந்த டிஸ்க்வேர்ல்ட் நாவல் வரிசையின் முதல் நூல் 1983இல் வந்தபோது பிரிட்டனில் கெட்டி அட்டையில் போட்டது 500 சொச்சம் பிரதிகள். பிறகு மலிவுப் பதிப்பு வந்தது, பிபிசி வானொலியில் தொடராக வாசித்தார்கள், வாசகர்கள் பெருகினார்கள். அப்போதும் அவர் அவசரப்படவில்லை. வரிசையின் நான்காம் நூலை முடித்த பிறகே அலுவலகத்திலிருந்து வெளியே வந்தார்.

அதுவரை ஒவ்வொரு இரவும் 400 சொற்கள் எழுதினார். ஒருநாள் 300 சொற்களிலேயே நாவல் முடிந்துவிட்டது. தட்டச்சுப் பொறியில் புதுத் தாளைச் செருகி, அடுத்த நாவலின் முதல் 100 சொற்களை எழுதினாராம். அவருடைய நண்பரும் எழுத்தாளருமான நீல் கெய்மன் பதிவுசெய்திருக்கும் செய்தி இது. எனக்கு எழுத்துச் சோம்பல் வரும்போதெல்லாம் அந்தப் புதுத் தாள்தான் கண்முன் வந்து நிற்கும்.

பகலில் என்ன செய்தார்? 17 வயதில் பள்ளியை விட்டு உள்ளூர்ச் செய்தித்தாளில் சேர்ந்தார். சேர்ந்த அன்றே, மூன்று மணி நேரத்துக்குள், முதல் பிணத்தைப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பின்னால் மின்வாரியத்தில் மக்கள் தொடர்பு அதிகாரியானார். அவர் பொறுப்பில் அணுமின் நிலையங்கள் இருந்தன. அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்து நடந்து ஊரெல்லாம் பயந்துகிடந்த காலம் அது. பயந்தவர்களுக்குப் பதில் சொல்வதே அவர் உத்தியோகம்.

இந்தப் பகல்கள் இல்லாமல் அவருடைய டிஸ்க்வேர்ல்ட் உலகம் இல்லை. ஆமையின் முதுகில் நான்கு யானைகள், யானைகள் மேல் தட்டையான பூமி. கூர்மாவதாரமும் திசை யானைகளும் கேட்டு வளர்ந்த நமக்கு அதில் பெரிய வியப்பு இருக்காது. வியப்பு அந்தப் பூமியின் மேல் இருக்கும் நகரத்தில்தான். அங்கே காவல் நிலையம் இருக்கிறது, தபால் நிலையம் இருக்கிறது, அச்சுக்கூடமும் பத்திரிகையும் இருக்கின்றன. 2007இல் வந்த 'மேக்கிங் மணி' நாவல் முழுக்க ஒரு வங்கியின் கதை. பெட்டகத்தில் தங்கம் இருந்தால்தான் பணத்துக்கு மதிப்பா என்று அதில் கேட்கிறார். தினமும் தங்கத்தைத் தொடும் நீங்கள் அந்தக் கேள்வியை அவரைவிட நெருக்கத்திலிருந்து கேட்க முடியும்.

நானும் ஒருமுறை வேலையை விட்டேன். சம்பளம் நின்ற மூன்றாம் மாதத்திலிருந்து, எது விற்கும் என்று யோசித்து யோசித்தே ஒவ்வொரு வரியும் எழுதினேன். அந்த ஆண்டு எழுதியதில் எதையும் இன்று திரும்பப் படிக்க எனக்கு மனமில்லை.

வேலையை விடாதீர்கள் என்பதால் எழுத்தைத் தள்ளிப்போடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2007இல் தனக்கு அல்சைமர் வகை நோய் வந்திருப்பதை பிராட்செட் வெளிப்படையாக அறிவித்தார். வயது 59. தட்டச்சு செய்யும் திறன் போனது. உதவியாளரிடமும் கணினியிடமும் வாயால் சொல்லிச் சொல்லி நாவல்களை முடித்தார். 2015 மார்ச்சில் மறைந்தபோது டிஸ்க்வேர்ல்டில் 41 நாவல்கள் எழுதி முடித்திருந்தார். முடிக்காமல் விட்டவை இருந்த கணினி வன்தட்டை, அவர் விருப்பப்படியே 2017இல் நீராவி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். அரைகுறையாக ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது என்று நினைத்தவரின் எழுத்துமேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அந்தப் பாட்டியைப் பற்றியது. மூழ்கிய நகரத்திலும் அப்படி ஒருவர் ஆண்டுதோறும் எதையோ அடகு வைத்து மீட்டால், 140 பக்கத்தில் நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் உயிர் அங்கே இருக்கும் என்று நம்புகிறேன். இந்தத் தையிலும் அவர் வருவார். தோட்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே காதில் போட்டுக்கொள்கிறாரா, முந்தானையில் முடிந்துகொள்கிறாரா? கடிதத்தில் அது இல்லை. பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்.