பூட்டிய கிளினிக்கில் போனை எடுக்கும் பழைய கம்ப்யூட்டர்

கேள்வி: கும்பகோணத்தில் சிறிய ஹோமியோபதி கிளினிக் நடத்துகிறேன். நோயாளிகளுக்கு எங்கள் லேண்ட்லைன் நம்பர்தான் பழக்கம். கிளினிக் பூட்டியிருக்கும் நேரத்தில் வரும் அழைப்புகளைப் பதிவு செய்ய, சும்மா கிடந்த பென்டியம் 4 கம்ப்யூட்டரில், மோடத்துடன் வந்த சிடியில் இருந்த வாய்ஸ் மெயில் மென்பொருளைப் போட்டேன். விண்டோஸ் எக்ஸ்பி, உள்ளே பொருத்திய 56கே மோடம். சில அழைப்புகளுக்கு என் குரல் கேட்கிறது. சிலருக்கு ஃபேக்ஸ் போல 'கீ...' என்ற சத்தம்தான் கேட்கிறதாம். பதிவாகும் செய்திகள் எல்லாமே ஐந்து நிமிட நீளம். முதல் அரை நிமிடம் நோயாளி பேசுகிறார், மீதி முழுக்க 'டூ... டூ...' என்ற ஓசை. இதைப் போட்ட நாளிலிருந்து கம்ப்யூட்டர் ஸ்பீக்கரிலும் சத்தம் வரவில்லை. சரி செய்ய முடியுமா, விட்டுவிடட்டுமா?

பதில்: விட வேண்டாம் டாக்டர். நீங்கள் எழுதியிருப்பதிலேயே நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. நோயாளியின் குரல் அரை நிமிடமாவது பதிவாகிறது என்றால் உங்கள் மோடத்துக்குக் குரல் வசதி உண்டு, டிரைவரும் (மோடத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) சரியானதே. பழைய கம்ப்யூட்டரில் இந்த வேலையைத் தொடங்குபவர்களில் பலர் இடறுவது அந்தப் படியில்தான். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். மிச்சம் இருப்பவை மூன்று அமைப்புக் கோளாறுகள். ஒன்றுக்கொன்று தொடர்பு இல்லாதவை என்பதால் தனித்தனியாகவே பார்ப்போம்.

முதலில் அந்த 'கீ...' சத்தம். ஒரே லைனை இரண்டு பேர் எடுக்கப் போட்டியிடுகிறார்கள் என்று அதற்கு அர்த்தம். வாய்ஸ் மெயில் மென்பொருள் முந்திக்கொண்டால் உங்கள் குரல் கேட்கும். எக்ஸ்பியின் ஃபேக்ஸ் சேவையோ மோடமோ முந்திக்கொண்டால் ஃபேக்ஸ் அல்லது டேட்டா முறையில் லைன் எடுக்கப்பட்டு, அழைத்தவரின் காதில் கீச்சொலி விழும். ஃபேக்ஸ் கன்சோலைத் திறந்து, ஃபேக்ஸ் பெறும் வசதியை நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு அது தேவைப்படாது. மென்பொருளின் உள்ளேயும் 'ஃபேக்ஸ், வாய்ஸ் இரண்டும்' என்ற தேர்வு இருக்கலாம். 'வாய்ஸ் மட்டும்' என்று மாற்றுங்கள்.

அடுத்து மோடம் தானாகவே எடுப்பதைத் தடுக்க வேண்டும். எத்தனையாவது மணியில் தானாக எடுப்பது என்பதை எஸ்-0 என்ற பதிவேட்டில் மோடம் வைத்திருக்கும். அங்கே 0 இருந்தால் மென்பொருள் சொல்லும்வரை அது அசையாது. கன்ட்ரோல் பேனலில் 'ஃபோன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸ்' திறந்து, உங்கள் மோடத்தின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் 'அட்வான்ஸ்டு' பக்கத்துக்குப் போங்கள். கூடுதல் தொடக்கக் கட்டளைகளுக்கு அங்கே ஒரு கட்டம் இருக்கும். அதில் ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், ஏ, டி, எஸ், 0, சமக்குறி, 0 என்று அடியுங்கள். போட்டி அத்துடன் முடியும்.

இனி அந்த 'டூ... டூ...'. இதற்குச் சற்று விளக்கம் வேண்டும், ஏனென்றால் மென்பொருளில் எந்தப் பொத்தானைத் தட்டினாலும் இது சரியாகாது.

செம்புக் கம்பி லைனில், எதிர்முனையில் இருப்பவர் போனை வைத்துவிட்டார் என்பதை எக்ஸ்சேஞ்ச் உங்கள் மோடத்துக்குத் தனியாகச் சொல்வதில்லை. அவர் வைத்ததும் லைனில் எங்கேஜ்டு டோன் வரும், அவ்வளவுதான். மனிதர்கள் அதைக் கேட்டதும் போனை வைத்துவிடுவோம். மோடமும் அந்த டோனை அடையாளம் கண்டு மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். எப்படி அடையாளம் காணும்? ஓசையின் அதிர்வெண்ணையும், அது விட்டுவிட்டு ஒலிக்கும் தாளத்தையும் வைத்துத்தான். இந்தியாவில் எங்கேஜ்டு டோன் 400 ஹெர்ட்ஸ். முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி அமைதி. அமெரிக்காவில் 480, 620 ஹெர்ட்ஸ் என இரண்டு ஓசைகள் சேர்ந்து அரை விநாடி ஒலிக்கும், அரை விநாடி நிற்கும். உங்கள் மோடம் அமெரிக்க அமைப்பிலேயே இருக்கிறது என்பது என் ஊகம். நம் ஊர் டோன் அதன் காதில் விழுகிறது, ஆனால் எங்கேஜ்டு டோன் என்று அதற்குப் புரியவில்லை. நோயாளி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்து, அனுமதித்த ஐந்து நிமிடமும் பதிவு செய்து முடிக்கிறது.

'அமைதி நிலவினால் துண்டிக்கவும்' என்ற தேர்வு மென்பொருளில் இருக்கும்; அதைப் போட்டாலே போதுமே என்று தோன்றும். போதாது. டோனும் ஒரு சத்தம்தான். சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை அமைதி என்று அது கணக்கிடாது.

அதனால் நாட்டை மாற்றுங்கள். இரண்டு இடங்களில் மாற்ற வேண்டும், பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். 'ஃபோன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸ்' முதல் பக்கத்தில் இருக்கும் இடத்தைத் திருத்தி, அதன் நாடு இந்தியா என்று வையுங்கள். டயல் செய்யும்போது எந்த எண்களை முன்னால் சேர்ப்பது என்பதற்குத்தான் அது உதவும். டோனை அறிவதற்கானது, முன்பு சொன்ன அதே 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'கன்ட்ரி' என்று தொடங்கும் பட்டியல். அதிலும் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பட்டியலே இல்லை அல்லது அதில் இந்தியா இல்லை என்றால், கூடுதல் கட்டளைக் கட்டத்தில் ஏற்கெனவே அடித்ததைத் தொடர்ந்து, இடைவெளி விடாமல் கூட்டல் குறி, ஜி, சி, ஐ, சமக்குறி, 53 என்று சேர்க்கலாம். நாடுகளுக்கான சர்வதேச வரிசையில் 53 இந்தியாவுக்கு உரியது. எல்லா மோடமும் இந்தக் கட்டளையை ஏற்காது. ஏற்காவிட்டால் பிழை என்று பதில் வரும், கெடுதல் ஒன்றும் நேராது. வந்தால் சேர்த்ததை எடுத்துவிடுங்கள். மாற்றிய பின் கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

சோதிப்பது எளிது. உங்கள் கைப்பேசியிலிருந்து கிளினிக் நம்பருக்கு அழைத்து, பீப் ஒலிக்குப் பிறகு ஒரு வரி பேசிவிட்டு வைத்துவிடுங்கள். பதிவின் கடைசியில் நாலைந்து விநாடி 'டூ டூ' இருந்தால் மோடம் டோனைப் புரிந்துகொண்டது என்று பொருள். அந்த வால் இருக்கத்தான் செய்யும். தாளத்தை உறுதி செய்ய அதற்கு இரண்டு மூன்று சுற்று கேட்டாக வேண்டும். இன்னொரு முறை அழைத்து, ஒன்றுமே பேசாமல், முதலில் ஒலிக்கும் உங்கள் குரலின் (வாழ்த்துரையின்) நடுவிலேயே வைத்துப் பாருங்கள். நோயாளிகள் பலர் மெஷின் குரல் கேட்டதும் வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தபின் மோடம் லைனை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், அடுத்து அழைப்பவருக்கு எங்கேஜ்டுதான் கிடைக்கும். எது எப்படியிருந்தாலும் ஒரு செய்தியின் உச்ச நீளத்தை ஐந்து நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடமாகக் குறையுங்கள். ஒரு நோயாளி பெயர், நம்பர், உபாதை சொல்ல அது தாராளம்.

உங்கள் லைன் அண்மையில் ஃபைபருக்கு மாறியிருந்தால் இங்கே ஒரு சிக்கல் வரலாம். அப்போது டோனைப் பெரும்பாலும் சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டியே உண்டாக்கும், அது எந்த நாட்டு டோன் என்பது அந்தப் பெட்டியின் அமைப்பைப் பொறுத்தது. இந்தியா என்று வைத்தும் பதிவு நீண்டுகொண்டே போனால், மோடத்தைத் திட்டுவதற்கு முன் இணைப்புக் கொடுத்தவரிடம் இதைக் கேளுங்கள்.

போன் மணி எத்தனை முறை அடித்தது என்ற கணக்கிலும் இதே நாட்டு வேறுபாடு உண்டு. நம் ஊரில் 'ட்ரிங்-ட்ரிங்' என்று இரட்டையாக அடித்து இரண்டு விநாடி நிற்கும். ஒரு சுற்று மூன்று விநாடி. அமெரிக்காவில் ஒரு சுற்று ஆறு விநாடி. 'நான்கு முறை மணி அடித்த பிறகு எடுக்கவும்' என்று மென்பொருளில் எழுதியவர் 24 விநாடியை மனத்தில் வைத்திருப்பார். இங்கே அது 12 விநாடியில் முடிந்துவிடும். சில மோடம்கள் இரட்டை மணியை இரண்டாக எண்ணினால் இன்னும் சீக்கிரம். கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில் நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்து வருவதற்குள் மெஷின் முந்திக்கொள்ளும். ஆறு அல்லது ஏழு என்று வைத்து, கடிகாரத்தைப் பார்த்துச் சோதியுங்கள்.

ஸ்பீக்கர் ஊமையானது மூன்றாவது. குரல் வசதியுள்ள மோடத்தை விண்டோஸ் ஒரு ஒலிக்கருவியாகவும் பதிவு செய்துகொள்கிறது. நிறுவும்போது சில சமயம் அதையே கம்ப்யூட்டரின் முதன்மை ஒலிக்கருவியாக வைத்துவிடும். பாட்டு, எச்சரிக்கை ஒலி எல்லாம் மோடத்துக்குப் போய் மறைந்துவிடும். கன்ட்ரோல் பேனலில் ஒலி அமைப்பைத் திறந்து 'ஆடியோ' பக்கத்தில் பாருங்கள். ஒலிக்கும் கருவிக்கும் பதிவுக் கருவிக்கும் மோடத்தின் பெயர் இருந்தால், இரண்டையும் உங்கள் சவுண்ட் கார்டுக்கு மாற்றுங்கள். மென்பொருளின் உள் அமைப்பில் மட்டும் லைனுக்கான கருவி மோடமாகவே இருக்க வேண்டும்.

வாழ்த்துரையை நீங்கள் எப்படிப் பதிவு செய்தீர்கள் என்று எழுதவில்லை. போன் லைன் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதனால் 8000 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்ற அளவில் சேமித்த வேவ் கோப்பே போதும். சிடி தரத்தில் சேமித்தால் சில மென்பொருள்கள் அதை வாசிக்காது, சில கரகரப்பாக வாசிக்கும். எக்ஸ்பியின் சவுண்ட் ரெக்கார்டரில் சேமிக்கும்போது 'சேஞ்ச்' என்ற பொத்தானில் இந்த அளவு கிடைக்கும். ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு எம்பிக்கும் குறைவான இடம்தான் ஆகும்.

வாழ்த்துரை இருபது விநாடியைத் தாண்ட வேண்டாம். கிளினிக் பெயர், திறக்கும் நேரம், அவசரம் என்றால் என்ன செய்வது, 'பீப் ஒலிக்குப் பின் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் இரண்டு முறை நிதானமாகச் சொல்லுங்கள்' — இவ்வளவே. நம்பரைச் சொல்லச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அழைத்தவரின் எண்ணை நம் நாட்டு லேண்ட்லைன்களில் பரவலாக டிடிஎம்எஃப் ஓசைகளாக (போன் பொத்தானை அழுத்தும்போது கேட்கும் ஓசைகள்) அனுப்புகிறார்கள். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த மோடம்களோ முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே எஃப்எஸ்கே என்ற வேறு ஓசை முறையில் அதை எதிர்பார்க்கும். ஆகவே மென்பொருள் திரையில் 'எண் தெரியவில்லை' என்றே வரக்கூடும். அதைச் சரி செய்ய மெனக்கெட வேண்டாம், நோயாளி வாயால் சொல்லும் நம்பர்தான் நம்பகமானது. அவசரம் என்றால் உங்கள் கைப்பேசி எண்ணையோ 108-ஐயோ வாழ்த்துரையில் கட்டாயம் சொல்லுங்கள். மூச்சுத் திணறும் ஒருவர் பீப் ஒலிக்காகக் காத்திருக்கும் நிலை வரக் கூடாது.

வெளியூரிலிருந்து அழைத்துச் செய்தி கேட்கும் வசதியும் மென்பொருளில் இருக்கும். அதைப் பயன்படுத்துவதானால் சிடியோடு வந்த ரகசிய எண்ணை முதலில் மாற்றுங்கள். பதிவாகியிருப்பது நோயாளிகளின் அந்தரங்கம். வாழ்த்துரை ஒலிக்கும்போது எண்ணை அழுத்தினால் சில மோடம்கள் கவனிக்காது. பீப் வந்தபின் அழுத்துங்கள்.

கம்ப்யூட்டர் உறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பவர் ஆப்ஷன்ஸில் ஸ்டாண்ட்பையும் ஹார்டு டிஸ்க் அணைப்பும் 'ஒருபோதும் வேண்டாம்' என்றிருக்கட்டும். மானிட்டரை மட்டும் அணைத்துக்கொள்ளலாம். மின்சாரம் போய் வந்தால் தானே இயங்கும்படி பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) ஒரு தேர்வு இருக்கும். மென்பொருளையும் ஸ்டார்ட்டப்பில் போட்டுவைத்தால் நீங்கள் ஓடி வர வேண்டியிருக்காது. இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இந்த வேலைக்கு இன்டர்நெட் தேவையும் இல்லை. அதே செம்பு லைனில் பிராட்பேண்டும் வந்தால் மோடத்தை ஸ்ப்ளிட்டரின் (போனையும் பிராட்பேண்டையும் பிரிக்கும் சிறு பெட்டி) 'ஃபோன்' துளையிலிருந்து இணையுங்கள். இல்லாவிட்டால் பதிவில் இரைச்சல் சேரும்.

உங்களைப் போல் பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்து, குரலே பதிவாகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. மென்பொருளை மாற்றி மாற்றிப் போடுவதற்கு முன் மோடத்தையே கேட்டுவிடுங்கள். எக்ஸ்பியில் இருக்கும் ஹைப்பர்டெர்மினலைத் திறந்து, மோடம் இருக்கும் போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, ஏ, டி, கூட்டல் குறி, எஃப், சி, எல், ஏ, எஸ், எஸ், சமக்குறி, கேள்விக்குறி என்று சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். சில எண்கள் பதிலாக வரும். 0 டேட்டா, 1-உம் 2-உம் ஃபேக்ஸ், 8 குரல். 8 இருந்தும் பதிவாகவில்லை என்றால் விண்டோஸ் தானாகப் போட்ட பொதுவான டிரைவரைச் சந்தேகியுங்கள். 'ஸ்டாண்டர்டு 56000' என்று தொடங்கும் டிரைவரில் குரல் கட்டளைகள் இராது. தயாரிப்பாளரின் சொந்த டிரைவர் வேண்டும். 8 இல்லையென்றால் எந்த மென்பொருளும் உதவாது. அந்த நிலையில் இன்னொரு மோடம் தேடுவதைவிட, ஆன்சரிங் மெஷின் உள்ள கார்ட்லெஸ் போன் வாங்குவதையே நான் சொல்வேன். கம்ப்யூட்டரை இரவு பகலாக ஓட்டும் கரண்ட் செலவும் மிச்சம்.

டாக்டர், உங்களுக்கு இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி இடிக்கும்போது மோடத்தின் லைன் ஒயரைக் கழற்றிவிடுங்கள். யுபிஎஸ் மின்சாரப் பக்கத்தைத்தான் காக்கும், போன் கம்பி வழியாக வரும் அதிர்ச்சி மோடத்தை எரித்து மதர்போர்டு வரை போகலாம். ஊருக்குப் போவதாக இருந்தால் லைனுக்கான சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்றை நடுவில் மாட்டிவிட்டுப் போங்கள்; அதற்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள், எர்த் இல்லாமல் அது வேலை செய்யாது.